சூது மெஷின்

நிலாவெளி ஹோட்டலொன்றில் மகளோடு தேத்தண்ணி குடிக்கையில், மூலையில் இருந்த பின்பால் விளையாட்டு மெஷினில் இரும்புக் குண்டு மணியடித்து ஓடும் சத்தம் கேட்டது.

என் சின்ன வயதில், துறைமுகத்தில் மாலுமிகளின் கன்டீனை என்னைப் பெற்ற ஐயாதான் கூட்டித் துடைப்பார். அங்கும் இதே மாதிரி மெஷினில் அவர்கள் வென்று மிச்சம் விட்டுப்போன ஆட்டங்களைக் காலையில் நான் விளையாடுவேன். அது அதிர்ஷ்டமில்லை. பொத்தானை அமுக்கினால் எழும்பும் தட்டில் குண்டைத் தாங்கி, குறி பார்த்து அடிக்க வேண்டும்.

பெரியப்பா கண்டுவிட்டு ஐயாவிடம் வந்தார்.

"தம்பி, சூதாடுற பெட்டைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேக்குதோ?"

"ஓம் அண்ணை, நிப்பாட்டுறன்," என்றார் ஐயா.

அந்த மெஷின் ஒரு சதமும் தராது, வென்றால் இன்னோர் ஆட்டம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

"அம்மா, விளையாடுறீங்களா? சும்மா லக் தானே," என்றாள் மகள், ஹோட்டல் மெஷினைக் காட்டி.

"ஏலாது பிள்ளை, களைப்பாக் கிடக்கு."