பத்தொன்பதாம் வீட்டின் பதில்

"ஒருபோதும் இல்லைன்னே போட்டுக்கோங்கம்மா," என்றார், காலில் மாவுக்கட்டுடன் நாற்காலியில் சாய்ந்திருந்தவர்.

சர்வே எடுக்க வந்தவள் ஐந்தாவது கட்டத்தில் டிக் அடித்தாள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் உங்களைப் போன்ற சாதாரண வாக்காளர்களுக்காகப் பேசுகிறாரா என்பது கேள்வி. எப்போதும் என்பதில் தொடங்கி ஒருபோதும் இல்லை என்பது வரை ஐந்து கட்டங்கள். காலையிலிருந்து பதினெட்டு வீடுகள் முடிந்திருந்தன. ஒரு வீட்டில் மெம்பர் யார் என்று அவளிடமே கேட்டார்கள். இன்னொரு வீட்டில், பாவம், அவர் செத்து இரண்டு வருடமாகிறதே என்றார்கள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காத ஒருத்தி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு தடவை வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போனவர்தான் என்றாள். அதற்குக் கட்டம் இல்லாததால் 'அரிதாக' என்று ஆயிற்று.

பத்தொன்பதாவது இந்த மாடி வீடு. வாசலில் ஒற்றைச் செருப்பு. துவைத்து நைந்த பனியன், நாலு நாள் தாடி. மனிதர் தயங்காமல் பதில் சொன்னார். காரணம் கேட்கும் வரிக்கு யாரும் வாயைத் திறப்பதில்லை. இவர் திறந்தார்.

"எதுக்குக் கை தூக்கணும்னு காலையில சொல்லி அனுப்புவாங்க. தூக்கிட்டு வந்துடுவார். இந்தத் தெருவுல சாக்கடை ஓடுதுன்னு ஒருநாள் எழுந்து பேசினதில்ல. நாலு வருஷமாச்சு."

அவள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

ஒன்பது வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. முதலில் செய்த சர்வே பல்பொடி பற்றியது. அதனால் அலுவலகத்தில் அவள் பல்பொடி அக்கா. பிறகு சோப்பு, குக்கர், காப்பீடு, இப்போது சட்டசபை. லேத் பட்டறையில் வேலை செய்யும் கணவன், ஊர் அபிப்பிராயம் பூராவும் கேட்கிறாயே, என் அபிப்பிராயத்தை என்றைக்காவது கேட்டாயா என்பான். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடுதான் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், நம் வீடு இன்னும் வரவில்லை என்பாள்.

போன மழைக்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மூன்று படிவங்களை அவளே நிரப்பினாள். மேற்பார்வையாளர் போன் போட்டுச் சரிபார்த்ததில் மாட்டிக்கொண்டாள். எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் இருந்தது. இன்னொரு தவறு என்றால் வேலை இல்லை. அதற்குப் பிறகு காதில் விழுந்ததை மட்டுமே எழுதினாள். 

முதல் கேள்வி மட்டும் விதிவிலக்கு. இந்த வீட்டில் யாராவது அரசியல் பதவியில் இருக்கிறார்களா? ஆம் என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதைக் கேட்டால் ஜனங்கள் மிரண்டு கதவைச் சாத்தினார்கள். அதனால் யாருமே கேட்பதில்லை. காலையில் கிளம்புமுன் முப்பது படிவத்துக்கும் சேர்த்து 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவார்கள். அவளும் அப்படித்தான்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வயது ஐம்பத்தாறு. படிப்பு, கல்லூரியில் பாதி.

"தொழில்?"

"சட்டசபை மெம்பர்," என்றார். "இந்தத் தொகுதிக்கு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். சுவரொட்டி முகத்திலிருந்து மீசையின் கருப்பையும் சிரிப்பையும் கழித்தால் மிஞ்சுவது இந்த முகம்தான். அவருக்குத்தான் அவள் ஓட்டுப் போட்டிருந்தாள். சின்னத்தைப் பார்த்துப் போட்டது.

"சாதாரண வாக்காளர்னு கேட்டீங்க. எனக்கும் ஒரு ஓட்டு இருக்குல்ல?" என்றார். படியில் விழுந்து பத்து நாளாகிறதாம். கட்சியிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லையாம். 

அப்படியே எழுதவா என்று கேட்டாள். எழுதச் சொன்னார். போன் எண்ணும் கொடுத்தார்.

கீழே வந்ததும் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது, ஒருவருக்கும் தெரியாது. மாற்றாவிட்டால் முதல் கேள்வியைக் கேட்காதது வெளியே வந்துவிடும். பேனாவைத் திறந்தாள். திருடனே கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் தொழிலை அடித்து மாற்றியிருப்பாள்; மெம்பரே தன்னைப் பற்றிச் சொன்னதை அடிக்க மனம் வரவில்லை. பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டைத் தேடிப் போனாள்.

மாலையில் மேற்பார்வையாளர் படிவங்களைப் புரட்டினார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். தொழில் வரியில் கண் நின்றது.

"கதை கட்டுறதுன்னு ஆயிடுச்சு, மந்திரியாவே ஆக்கியிருக்கலாமேக்கா?"

போன் போட்டுக் கேளுங்கள் என்றாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார். மதியம் கேட்ட அதே குரல். ஆமாம், ஒரு அம்மா வந்தார், மரியாதையாகக் கேட்டார் என்றது. அவள் மூச்சு விட்டாள். சரிபார்க்கும்போது ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். மெம்பர் சாதாரண வாக்காளர்களுக்காகப் பேசுகிறாரா என்ற கேள்வியை மேற்பார்வையாளர் படித்தார்.

"எப்போதும்," என்றது குரல். "மக்களை விட்டு ஒருநாளும் விலகினதில்ல. அப்படியே எழுதிக்குங்க."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யாரும் வரவில்லை என்று சாதித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மதியம் 'ஒருபோதும் இல்லை' என்றபோது இருந்த அதே நிதானம், அதே இழுவை. போனை நோக்கிக் குனிந்தாள்.

"சார், நான்தான் மதியம் வந்தவ. காரணம்கூடச் சொன்னீங்களே."



"கால் வலிக்கு மாத்திரை போட்டிருந்தேம்மா," என்றார். போன் நின்றது.

மேற்பார்வையாளர் இப்போது சிரிக்கவில்லை. படிவத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். "நீங்க பொய் எழுதலைன்னு தெரியுதுக்கா. ஆனா முதல் கேள்வியைக் கேட்டிருந்தா இவர்கிட்ட உட்கார்ந்திருக்கவே மாட்டீங்களே." அவர் எழுந்து அலமாரியிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்தார். அவள் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அடையாள அட்டையையும் எழுது அட்டையையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாள். ரத்தான படிவத்துக்குப் பதிலாக அடுத்த வீட்டில் எழுதி வர வேறொருத்தியை அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் தெரியாது என்று பதில் வந்தது. மதியம் துணி துவைத்தாள். நாலு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்து பசிக்கிறது என்றாள். ஏழு மணிக்குக் கணவன் வந்தான். வேலை போய்விட்டது என்றாள். அவன் கை கழுவிவிட்டு வந்து, சரி, இனி என் அபிப்பிராயத்தைக் கேள் என்று உட்கார்ந்தான்.