ஜம்பு இலைக்கு நகப்பூச்சு

லோகேஸ்வரியின் கைப்பையிலிருந்து அந்த நகப்பூச்சு பாட்டில் உருண்டு விழுந்ததும், மலேசியாவின் கிள்ளான் நகரிலிருந்த அந்தச் சின்ன வீடே அதிர்ந்தது.

நாத்தனார் மலர்விழி பாட்டிலை எடுத்துப் பார்த்தாள்.

"என் தம்பி போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள மேக்கப் கேக்குதா? இதுக்குத்தான் வேலை வேலைன்னு ஓடுறியா?"

"எனக்கு இல்ல அண்ணி. இலைக்கு."

"மரத்துக்குக் கல்யாணமா லா? நாளையிலேருந்து வீட்டோட இரு!"

கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலையில் உழைத்து, தாலியையும் இழந்த லோகேஸ்வரியை மறுபடி மனுஷியாக்கியது செர்டாங் பக்கத்து நாற்றுப்பண்ணைதான். போன மாத வெள்ளத்தில் அங்கே பெயரட்டைகள் அடித்துக்கொண்டு போய், ஜம்புப் பழமரத்தின் இரண்டு இனக் கன்றுகள் கலந்துவிட்டன. பார்வைக்கு அக்காள் தங்கை மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுப்பு, மற்றதில் நான்கு. அவற்றைப் பிரிக்கும் வேலையை ஆராய்ச்சியாளர் உஸ்மா அவளை நம்பி விட்டிருந்தார். அதை விட்டுவிட்டு இந்த நாலு சுவருக்குள் அழுதுகொண்டே கிடப்பதா?

எப்போதும் தலைகுனிபவள் அன்று குனியவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு போய், கொல்லையில் நின்ற ஜம்பு மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து வந்தாள். அதன் அடிப்பக்கத்தில் மெல்லப் பூசினாள். காய்ந்ததும் செலோடேப்பை ஒட்டி உரித்தாள். கைபேசியில் குட்டி நுண்ணோக்கியை மாட்டி, டேப்போடு உரிந்து வந்த பூச்சுப் படலத்தை அதன் கீழே வைத்து நீட்டினாள்.

"பாருங்க அண்ணி."

"என்னடி, உதடு உதடா தெரியுது?"

"இலையோட மூச்சுத்துளை. ஒரு ரகத்துல குரோமோசோம் ரெண்டு செட்டு, இன்னொண்ணுல நாலு. குரோமோசோம் கூடுனா செல்லும் பெருசாகும், உதடும் பெருசாகும், நெருக்கம் குறையும். அதை அளந்துதான் கன்னுங்களைப் பிரிக்கிறோம். அப்புறம் டாக்டர் உஸ்மா மெஷின்ல சரிபார்ப்பாங்க."

"இலைகூட மூச்சு விடுமா..."

மூச்சுக்குத் தவித்துத் தவித்தே போனவன் அவள் தம்பி. மலர்விழியின் கண்கள் பொங்கின. லோகேஸ்வரியும் அழுதாள்.

"நம்ம மரம் எந்த ரகம்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் மலர்விழி.

"ஒண்ணை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது அண்ணி. ரகம் தெரிஞ்ச இலைங்க அங்கதான் இருக்கு. பக்கத்துல வச்சுப் பார்க்கணும்."

மறுநாள் காலை மலர்விழி கார் சாவியோடு வாசலில் நின்றாள். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஐந்தாறு ஜம்பு இலைகள்.

"ஏறு, கொமுட்டர் ரயில் ஸ்டேஷன்ல விடறேன். ரெண்டா நாலான்னு தெரியாம வீட்டுப்பக்கம் வந்துடாத!"