தாளம் வரக்கூடாத வேலை

காது டெஸ்ட் எடுக்கிறவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, என் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா கையைத் தூக்கிய பிறகுதான் இவருடைய மூச்சு வெளியே வரும். தூக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். சத்தத்தை ஒரு படி கூட்டுவார். மறுபடி மூச்சைப் பிடிப்பார்.

"சின்னதா கேட்டாலும் கையத் தூக்குங்க ஐயா. பெருசா கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க." அந்த அறைக்குள் நுழையும் எல்லோருக்கும் இதே இரண்டு வாக்கியங்கள்தான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். கதவு கனமானது, அவர் ஒல்லி. தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.

காது மருத்துவமனையில் இருபது வருடமாக டெக்னீஷியன். வயது ஐம்பத்தெட்டு. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில்கள், ஒரே நீளத்தில். ஒன்று தேய்ந்து குட்டையானால் மற்றதையும் அந்த அளவுக்குச் சீவிவிடுவார். மருத்துவமனையில் எல்லோரும் அவரைக் 'குச்சி சார்' என்கிறார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே கூட்டிப்போகிறேன். நாலாவது தடவைதான் கேட்டேன். "டிரம்ஸ் வாசிச்சேன் சார், ஒரு காலத்துல. அந்தக் குச்சி" என்றார்.

டிரம்ஸ் வாசித்தவருக்கு இது பொருத்தமான வேலைதானே என்று நான் சொன்னதற்குச் சிரித்துவிட்டார். "நேர் எதிரு. இங்க தாளம் வந்தா டெஸ்ட் கெட்டுச்சு. நான் ஒரே கணக்குல அழுத்திட்டே வந்தேன்னு வைங்க, அஞ்சாவது தடவ அவங்க சத்தம் கேக்காமலேயே கையத் தூக்கிடுவாங்க. மனுசனுக்குத் தாளம் பிடிச்சுக்கும். அதனால கண்டபடி அழுத்தணும். கண்டபடி அழுத்தக் கத்துக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு."

இசைக்குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். கிதார் வாசித்தவர் கப்பல் வேலைக்குப் போய், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே குடும்பஸ்தன் ஆகிவிட்டார். பாடியவருக்குத் 'தொண்டை' என்று பெயர். மைக் இல்லாமலே நாலு தெரு தாண்டிக் கேட்கும் குரல். தொண்டையும் குச்சியும் பதினாறு வயதிலிருந்து ஒருவரையொருவர் 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். பிறகு தொண்டையின் தங்கையைக் குச்சி கல்யாணம் செய்துகொண்டார். "விளையாட்டுக்குக் கூப்பிட்டது நெசமாயிடுச்சு" என்கிறார்.

ஊரில் ஒரு பாட்டில் தொழிற்சாலை இருந்தது. முதலாளி ஒருநாள் கேட்டை இழுத்துப் பூட்டி, எண்ணூறு பேரை வெளியே நிறுத்திவிட்டார். இவர்கள் மூவரும் நாற்பத்து மூன்று நாள் அந்தக் கேட்டுக்கு எதிரே, ஒரு லாரியின் பின்புறத்தில் நின்று வாசித்தார்கள். அங்கே பிறந்ததுதான் அவர்களுடைய பெயர்பெற்ற பாட்டு. 'கேட்டத் தொறங்கய்யா, நாங்க வெளியில நிக்கிறோம்.' சொல் தொண்டையுடையது. தாளம் குச்சியுடையது. நாற்பத்து நாலாம் நாள் கேட்டைத் திறந்தார்கள். பாட்டால்தான் திறந்தது என்று இவர் சொல்வதில்லை. "சங்கத்துக்காரங்க பேசினாங்க, தொறந்துச்சு. நாங்க சத்தம் போட்டுட்டிருந்தோம், அவ்வளவுதான்." ஆனால் சொல்லும்போது விரல்கள் மேசையில் ஓடுகின்றன.

அடுத்த பத்து வருடத்தில் பிளவு சத்தமில்லாமல் வந்தது. முதலில் இசையில்தான் வந்தது, அரசியலில் அப்புறம். தொண்டைக்கு மேடை பெரிதாகப் பெரிதாகச் சொல் குறைந்தது. இரண்டு வரியை இருபது தடவை திருப்பிப் பாடினால் கூட்டம் கூடவே பாடும் என்று அவர் கண்டுகொண்டார். குச்சிக்கோ வயது ஏற ஏற அடி குறைந்தது. நடுவில் வெற்றிடம் விட்டு வாசிக்கப் பிடித்தது. "கடைசி மூணு வருசம் ஒரே மேடையில ரெண்டு வேற பாட்டு ஓடிட்டிருந்துச்சு சார். கேக்கிறவங்களுக்குத் தெரியல. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்." சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு இவரை அழைக்கவில்லை. அடுத்ததற்கும் அழைக்கவில்லை. அதற்குள் இவருக்கு இந்த வேலையும் கிடைத்திருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்பு, தேர்தல் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று தெருமுனையில் திரும்பியது. முதலில் வந்தது தாளம். அவருடைய தாளம். நாலாவது அடி கொஞ்சம் தாமதித்து விழும். அது அவருடைய பழைய குறை. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த இடத்தில் கை தாமதிக்காது. "சத்தியமா சொல்றேன், முதல்ல சந்தோசப்பட்டேன். ஈரத்துணிய கையில வச்சுட்டு நின்னேன். நம்ம பாட்ட இன்னும் யாரோ பாடுறாங்கன்னு." வேன் பக்கத்தில் வந்தபோதுதான் சொல் காதில் விழுந்தது.

'கேட்டச் சாத்துங்கய்யா, அவங்க வெளியில நிக்கட்டும்.'

வேற்றிடத்திலிருந்து பிழைக்க வந்தவர்களை வெளியேற்றுவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சியின் பாட்டு அது. குரல் தொண்டையுடையது.

பாதித் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, பஸ் பிடித்து மச்சான் வீட்டுக்குப் போனார். தொண்டை வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "வா மாப்ள! பாட்டக் கேட்டியா?"

"கேட்டேன். அது நம்ம பாட்டு."

"நம்ம பாட்டுதான். யாரு இல்லன்னா?"

"அன்னிக்கு வெளியில நின்னது நம்ம ஆளுங்க. இன்னிக்கு யார வெளியில நிக்கச் சொல்ற?"

தொண்டைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் தனக்குத் தாங்கவில்லை என்கிறார் இவர். தொண்டை நாற்காலியை இழுத்துப்போட்டு, நிதானமாகப் பேசினார். "பாட்டில் பேக்டரிக்குள்ள இப்ப யாரு நிக்கிறா, போய்ப் பாத்தியா? அதே கேட்டுக்குள்ள பாதிக் கூலிக்கு அவங்க நிக்கிறாங்க. நம்ம ஆளுங்க வீட்டுல சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நான் யாருக்காகப் பாடினேனோ அவங்களுக்காகத்தான் இப்பவும் பாடுறேன். நீதான் எங்கயோ போயி நிக்கிற."

"பாதிக் கூலி குடுக்கிறவன விட்டுட்டு, வேற வழியில்லாம வாங்கறவனப் பிடிச்சா எப்படி மச்சான்? அத ஏன் பாட மாட்டேங்கற?"

"மேடையில அவ்வளவு நீளமாப் பாட முடியாது மாப்ள" என்றாராம் தொண்டை, சிரித்துக்கொண்டே.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். கட்சிக்காரர்கள் புதிதாக ஆள் வைத்து டிரம்ஸ் வாசிக்கலாம் என்றார்களாம். தொண்டைதான் பிடிவாதமாக மறுத்து, பழைய கேசட்டிலிருந்து குச்சியின் அடியை எடுத்து ஓடவிட்டிருக்கிறார். "உன் அடிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அந்த நாலாவது அடி இருக்கு பாரு, அத எந்த மெஷினும் அப்படித் தாமதிக்காது."

"என் தப்பக்கூடப் பத்திரமா எடுத்து வச்சிருந்தான் சார்" என்கிறார் குச்சி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருப்பது கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று வந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தவர்தான். அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மனைவி ஏறுகிறார், வாரம் தவறாமல். "எங்கண்ணன் கட்சிய மாத்திட்டாருங்கறதுக்காக நான் அண்ணன மாத்த முடியுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பத்து மணிக்குக் கிளம்பிப் போய்விட்டால் மாலைவரை வீட்டில் இவர் மட்டும். மடித்த கம்பளியின்மேல் ஒரு ரப்பர் தட்டை வைத்து வாசிக்கிறார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

சனிக்கிழமை மாலைகளில் பழைய தொழிற்சங்க அறையைத் திறந்து வைக்கிறார். சாவி இவரிடம்தான். பெருக்கி, ஏழு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். போன வருடம் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஒருவர் வருகிறார். அவரும் செய்தித்தாள் படிக்க. "ஏழு நாற்காலி எதுக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு போட்டா நல்லாருக்காது" என்றார்.

பாட்டில் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர்களுக்கெல்லாம் காது போயிருக்கிறது. ஒவ்வொருவராக இவரிடம்தான் வருகிறார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அவருடைய செல்போன் அடித்தது. மணிக்குப் பதிலாக அந்தத் தேர்தல் பாட்டு. பெரியவருக்குக் கேட்கவில்லை, பையில் அதிர்வதை உணர்ந்து எடுத்தார். இவர் கதவைத் திறந்து, "போன அணைச்சிடுங்க" என்று சைகை காட்டினார். பெரியவருக்கு அப்போதுதான் ஆள் அடையாளம் தெரிந்தது. "தம்பி, லாரி மேல நின்னு வாசிச்ச பையன்தானே நீ? இந்தப் பாட்டுல அடிக்கிறதும் நீதான்னாங்களே, நெசமா?" பெரியவர் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமான்னேன். நான்தானே அடிச்சது."

போன மாதம் அப்பாவோடு போயிருந்தபோது காத்திருக்கும் கூடத்தில் வழக்கத்தைவிடச் சலசலப்பு. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனத்த மனிதரைச் சுற்றி நாலைந்து பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரோடு வந்த அம்மாள், "போதும்ப்பா, விடுங்க, டெஸ்டுக்கு நேரமாச்சு" என்று விலக்கிவிட்டார். அவர் குச்சியின் மனைவி. நடுவில் இருந்தவர் தொண்டை.

முந்தின நாளே மனைவி சொல்லியிருந்தாராம். "எங்கண்ணனுக்குக் காது சரியாக் கேக்க மாட்டேங்குது. அங்கதான் கூட்டிட்டு வரேன். வந்த இடத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க." இவர் வைத்துக்கொள்ளவில்லை. அறை வாசலில் நின்று, மற்றவர்களிடம் சொல்லும் அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். 'ஐயா' மட்டும் இல்லை. தொண்டை தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பதினோரு வருடத்துக்குப் பிறகு பேச்சு அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. குச்சி வெளியே வந்து, பக்கத்து அறையின் பெண் டெக்னீஷியனைக் கூப்பிட்டார். "அம்மா, கொஞ்சம் வந்து நீங்க பண்ணுங்க. என்னால முடியல."

அந்தப் பெண் உள்ளே போனதும் எங்கள் அருகே சுவரில் சாய்ந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சண்டையா?" என்றேன் மெதுவாக.

"அதெல்லாம் இல்ல. நான் அழுத்தறப்பல்லாம் கையத் தூக்குறான். சத்தத்தக் குறைச்சேன், தூக்குறான். சத்தமே இல்லாம வெறும் பொத்தான அழுத்தினேன், அதுக்கும் கரெக்டாத் தூக்குறான். கண்ண மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கான், என்னப் பாக்கக்கூட இல்ல." பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார். "நான் எப்ப வருவேன்னு அவனுக்குத் தெரியும் சார். எவ்வளவு மாத்தி மாத்தி அழுத்தினாலும் தெரியுது. இருபது வருசம் எனக்கு முன்னால நின்னு பாடினவன். அவனுக்கு நான் டெஸ்ட் எடுக்க முடியாது."

அரைமணி நேரத்தில் அந்தப் பெண் காகிதத்தோடு வெளியே வந்தார். குச்சி அதை வாங்கிப் பார்த்தார். வலது காது பரவாயில்லை. வயதுக்கு ஏற்ற தேய்மானம்தான். இடது காது அநேகமாகப் போய்விட்டது. ஒரு பென்சிலை எடுத்துக் கீழே தன் பெயரைப் போடப் போனவர், நிறுத்தி, அந்தப் பெண்ணிடமே காகிதத்தைக் கொடுத்தார். "நீங்கதானே எடுத்தீங்க. நீங்களே போடுங்க." பிறகு என்னைப் பார்த்து, "மேடையில நான் எப்பவும் அவனுக்கு இடப்பக்கந்தான்" என்றார்.

டாக்டர் கூப்பிடும்வரை தொண்டை கூடத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்துக்கடைச் சீட்டு விஷயமாகத் தங்கை எங்கோ போயிருந்தார். படம் எடுத்தவர்களும் கலைந்துவிட்டார்கள். வரிசையின் நடுவில் ஒரு நாற்காலியில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

குச்சி தன் அறைக் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூடத்தைக் கடந்து போய், வலப்பக்கத்து நாற்காலியைத் தாண்டி, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். தொண்டை திரும்பி ஒருமுறை பார்த்து, மறுபடி சுவரைப் பார்த்தார். குச்சியும் நேராகச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசையிலிருந்த எனக்கு அவருடைய உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. கேட்காத அந்தக் காதுக்கு அருகில், அவசரமில்லாமல், வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.