எதிர்வீட்டு ஜன்னலில் கை காட்டிய உருவம்

சலூன்காரர் வீட்டுச் சமாசாரத்தைப் பேசாதவர்கள் அந்தப் புறநகரில் கிடையாது. மளிகைக் கடையில் கேட்டால், மனைவி அவரைக் கண்ணைக் கட்டி, கயிற்றில் பிணைத்து, சோறு தண்ணி காட்டாமல் பூட்டி வைத்திருந்தாள் என்பார்கள். இஸ்திரி போடுகிறவரிடம் போவதற்குள் கயிறு சங்கிலியாகிவிடும். தண்ணீர் கேன் போடுகிறவர் தன் பங்குக்கு இரண்டு அடியாட்களையும் சேர்த்துக்கொள்வார். முடிவு மட்டும் எல்லோரிடமும் ஒன்றுதான். எதிர்வீட்டுப் பெண் போலீஸோடு வந்து அந்த மனிதரை மீட்டாளாம்.

இதில் கண்ணைக் கட்டியது உண்மை. கயிறும் உண்மை. போலீஸ் வந்ததும் உண்மை. இத்தனையும் உண்மையாக இருந்தும் மொத்தக் கதையும் பொய். அது எப்படி என்று ஆற அமரச் சொன்னால்தான் விளங்கும்.

சலூன்காரருக்கு ஆட்களின் முகத்தைவிட மண்டைதான் பழக்கம். எதிரே வந்து சிரிக்கிறவர் யாரென்று தெரியாமல் திணறுவார். அதே ஆள் கடந்து போய் முதுகைக் காட்டினால், "அட, ரெட்டைச்சுழி! என்னப்பா ஆளையே காணோம்?" என்று பின்னாலிருந்து கூப்பிடுவார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை நாற்காலிக் கடை. அதில் உட்காராத தலை அந்தப் பக்கத்தில் குறைவு.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் கடைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியை. துடைக்க வேறு கண்ணாடி இல்லாமல் போனபோது டாக்டரிடம் போனார்.

"கண்ணுக்குள்ள நரம்பு தேயுது. நிறுத்த முடியாது, ஆனா மெதுவாத்தான் போகும்" என்றார் டாக்டர். "இன்னொண்ணு. பார்வை குறையறப்போ சில பேருக்கு இல்லாத உருவமெல்லாம் தெரியும். பயப்படாதீங்க. தெரிஞ்சா வந்து சொல்லுங்க, அவ்வளவுதான்."

பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னால் பயப்படாமல் இருக்க முடியுமா? அன்றோடு சவரக் கத்தியை ஓரங்கட்டினார். முடிவெட்டுவதை மட்டும் விடவில்லை. சீப்புக்கு மேலே நிற்கிற முடி எவ்வளவு என்று அவர் விரலுக்கே தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு வார்த்தை கொடுத்தார்.

"இருக்கிறது மங்கலாத் தெரியற வரைக்கும் வெட்டுவேன். இல்லாதது தெரிய ஆரம்பிச்சா அன்னிக்கே கத்திரியைக் கீழ வெச்சிடுவேன். எவன் காதும் என் கையால போக வேண்டாம்."

மனைவி மழலையர் பள்ளியில் ஆயா. மூக்கொழுகிப் படைகளை வரிசையில் நடத்திப் பழகியவள். அவள் அழவில்லை, திட்டம் போட்டாள். பார்வை போன பிறகு பழகினால் முட்டி பெயரும், இருக்கும்போதே பழகிவிட வேண்டும் என்றாள். கடை லீவு விடுகிற நாளிலும், மத்தியானம் அவர் சாப்பிட வருகிற நேரத்திலும் பயிற்சி. அவர் ஓரக்கண்ணால் பார்த்துக் கள்ளாட்டம் ஆடியதால் கறுப்புத் துண்டால் கண்ணைக் கட்டினாள். சமையலறையிலிருந்து குளியலறை வரைக்கும் பிடித்து நடக்க ஒரு கயிறு கட்டினாள். விளக்குமாற்றின் குச்சியைக் கழற்றி, அவர் தடம் மாறும்போதெல்லாம் தரையில் தட்டினாள். அந்த வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்டதெல்லாம் இதுதான்.

"நட! நிக்காதே! அழுதா இன்னொரு ரவுண்டு!"

"விடுடி, என்னால முடியல!"

"இதை யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்க, அவ்வளவுதான்!"

விஷயம் வெளியே போனால் நாற்காலியில் ஈதான் உட்காரும் என்ற பயம் அவளுக்கு.

கோடை விடுமுறை வந்தது. ஒருநாள் சலூன்காரர் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றார். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஓர் உருவம். தலைமுடி இரண்டு பக்கமும் தொங்குகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏய், எதிர்வீட்டு மாடியில யாரு?"

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். திரைச்சீலைதான் தெரிந்தது. "யாருங்க இருக்காங்க? அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயாச்சு. பொண்ணு ஹாஸ்டல்ல படிக்குது, லீவுக்கு இன்னும் வரல. துணியைப் பார்த்திருப்பீங்க."

அவள் உள்ளே போனாள். உருவம் திரும்ப முளைத்தது. சும்மா முளைக்கவில்லை. அவரைப் பார்த்துக் கை காட்டியது.

அவர் சட்டென்று ஜன்னலை விட்டு விலகினார். மறுநாளும் அதே கதை. மனைவி பக்கத்தில் வந்தால் மாயம், அவள் போனால் ஆஜர். மூன்றாம் தடவை அது நெஞ்சில் கைவைத்து, 'நான் இருக்கேன், பயப்படாதீங்க' என்பதுபோல் தலையாட்டியது. பேய் பயமுறுத்தினால்கூடத் தாங்கலாம், ஆறுதல் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சலூன்காரர் இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்திரியைக் கீழே வைக்க வேண்டும். கடையில் ஒவ்வொரு தலையையும் தொடும்போதும், இது நிஜமான காதுதானா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே வெட்டினார். "என்ன அண்ணே, இன்னிக்குக் காதுக்கு மசாஜா?" என்று ரெட்டைச்சுழி கிண்டலடித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த லீவு நாள் காலையில் கத்திரிக்கு எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்தார். பயிற்சி முடிந்ததும் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. மனசு அங்கேயே கிடந்ததால் கால் வழக்கமான தடத்தில் போகவில்லை. கட்டில் காலில் சுண்டுவிரல் நச்சென்று மோதியது.

"ஐயோ, கொன்னுட்டியேடி பாவி!"

தெரு முழுக்கக் கேட்ட சத்தம். கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. மனைவி கையில் குச்சியோடு கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு போலீஸ்காரர். அவர் முதுகுக்குப் பின்னால், கழுத்தில் பைனாகுலர் தொங்க, விடுமுறைக்கு வந்திருந்த எதிர்வீட்டுப் பெண்.

"குச்சியைக் கீழ போடும்மா! யாரும் அசையக் கூடாது!"

கண்கட்டோடு கயிற்றைப் பிடித்து நின்ற சலூன்காரர், "யாருங்க அது? நின்னா இவ திட்டுவா" என்றார்.

"பார்த்தீங்களா சார், எப்படி மிரட்டி வெச்சிருக்காங்க!" பெண் போலீஸ்காரரை முந்திக்கொண்டு உள்ளே வந்தாள். "அங்கிள், இனிமே பயமில்ல. நான்தான் அங்கிள், ஜன்னல்லேர்ந்து தினமும் கை காட்டினேனே! ஆன்ட்டி திரும்பினா குனிஞ்சுக்குவேன்."

சலூன்காரர் கயிற்றை விட்டார். கண்கட்டைப் பிடுங்கி எறிந்தார்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"நான்தான் கை காட்டினேன்..."

"கண்ணுல குழாய் மாதிரி ரெண்டு?"

"பைனாகுலர் அங்கிள். அப்பாவோடது."

"நெஞ்சுல கை வெச்சுத் தலையாட்டினது?"

"அதுவும் நான்தான்."

அவர் தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று போலீஸ்காரருக்குப் பிடிபடவில்லை. "நிஜம்! நிஜமான பொண்ணு! என் கண்ணு பொய் சொல்லலடி!" என்று மனைவியின் கையைப் பிடித்து ஆட்டினார்.

அவளுக்கு விஷயம் மெல்ல உறைத்தது. "அப்போ இத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டா பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சீங்க? என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா கத்திரி போயிடுமேடி."

அவள் குச்சியைக் கீழே போட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கண் டாக்டர், கயிறு, ஆயா வேலை எல்லாவற்றையும் இருவரும் மாறி மாறிச் சொல்லி முடித்தபோது, அந்தப் பெண் எங்காவது பூமி பிளக்காதா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாரி ஆன்ட்டி. நான் உங்களை... வேற மாதிரி..."

"கொலைகாரினு நினைச்சே. சொல்லேன், பரவாயில்ல. ஸ்கூல்ல பசங்களும் அப்படித்தான் நினைக்குதுங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சலூன்காரர் அண்ணாந்து பார்த்தார். "வலது பக்கம் ஏத்தமும் இடது பக்கம் இறக்கமுமா இருக்கே சார். எவன் வெட்டினான்?"

சலூன்காரர் அந்தப் பெண்ணை அவள் வீட்டு மாடிக்கு அனுப்பி, அதே ஜன்னலில் நிற்கச் சொன்னார். மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இப்போ இருக்காளா?"

"இருக்கா. கை காட்டுறா."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். பீரோவைத் திறக்கப் போனார்.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் கடையில் தானே சொல்லிவிட்டார். சிலர் வேறு சலூனுக்கு நழுவினார்கள். ரெட்டைச்சுழி நகரவில்லை. "கண்ணு தெரிஞ்சப்போ மட்டும் அழகா வெட்டினீங்களாக்கும்" என்று உட்கார்ந்தான். இப்போது பயிற்சிக்குக் கதவைத் திறந்தே வைக்கிறார்கள். அந்தப் பெண்ணும் வந்து குச்சி தட்டுகிறாள்.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே, சங்கிலி, அடியாட்கள் சகிதம் முழுக் கதையையும் ஒப்பித்தார். "கடைசியில அந்தப் பொண்ணுதான் போய் மீட்டுச்சாம், பாவம்!"

சலூன்காரர் அவர் காதை இரண்டு விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"மீட்கவும் இல்ல, மண்ணும் இல்ல. கண்ணைக் கட்டினது என் பொண்டாட்டி, கட்டிக்கிட்டது நான். சங்கிலி வாங்க எங்களுக்கு வக்கும் இல்ல. அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னது நிஜம், எனக்கு அது போதும். இப்போ தலையை ஆட்டாம உட்காருங்க, கத்திரி காதுகிட்ட இருக்கு."