பம்ப் ஹவுஸ் ஆயுத பூசை

என் வீட்டுக்காரர் மருதமுத்துவைப் பத்தி மலாக்கா பக்கம் டுரியான் துங்கால்ல யாரைக் கேட்டாலும் "ஓ, தண்ணி விடறவரா?"ன்னுதான் கேப்பாங்க. அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குக் குடுக்கல, அவரே எடுத்துக்கிட்டாரு. கல்யாண வீடு, கருமாதி வீடு எங்க போனாலும் பேச்சைத் தண்ணிப் பக்கம் இழுத்துடுவாரு. "நான் ஒரு பட்டனைத் தட்டினா இந்தப் பக்கம் எத்தனை தாமான் வீடுங்களுக்குத் தண்ணி போவுது தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சா, பந்தியில பக்கத்துல உக்காந்தவன் பாயாசம் வர்றதுக்குள்ள எழுந்து ஓடிடுவான்.

சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டுல பொறந்தவரு. படிப்பு ஏறல, ஆனா மோட்டாருன்னா உயிர். என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கை கழுவப் போனவரு, எங்க வீட்டுக் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பாத்துட்டு, "பிரஷர் பரவால்ல"ன்னு எங்கப்பாகிட்டச் சொன்னாரு. பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

கல்யாணத்துக்கு அப்புறம் பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டர் வேலை கிடைச்சுது. சுத்தம் பண்ணின தண்ணியை மேட்டுத் தொட்டிக்கு ஏத்தி விடற இடம் அது. அங்கேருந்துதான் எங்க சுத்துவட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணி இறங்கும். முந்தியெல்லாம் நிஜமாவே அவரு கையாலதான் பம்பை ஓட்டினாரு, நிறுத்தினாரு. அதனால அந்தப் பீத்தல்ல பாதியாவது உண்மை இருந்துச்சு.

அப்புறம்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு வந்துச்சு. ஏர்கான் போட்டு ஒரு கண்ணாடி ரூம் கட்டி, உள்ள அலமாரி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியை நிறுத்துனாங்க. பம்பு எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு இனிமே அந்தப் பெட்டிதான் முடிவு பண்ணுமாம். அந்தப் பெட்டிக்கு என்ன செய்யணும்னு கடல் தாண்டி எங்கயோ உக்காந்து இன்னொருத்தன் சொல்லுவானாம். கதவு தானாப் பூட்டிக்கும், உள்ள போறவங்க முகத்தைக் கேமரா பாக்கும். இவருக்கு மிச்சம் இருந்த வேலை, ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது. ஆனா ஊர்ல பேச்சு மாறுச்சா? இல்லியே. "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லா, ஆனா ஃபைனல் நான்தான்"னு அளந்துக்கிட்டுத் திரிஞ்சாரு.

போன ஆயுத பூசை அன்னைக்கு அந்த வாய்க்கும் வேலைக்கும் சேத்து வேட்டு வந்துச்சு.

வருஷா வருஷம் பம்புக்குப் பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டறது அவரு வழக்கம். நான் அவல், பொரி, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் எடுத்துட்டுப் போவேன். எல்லா வருஷமும் பம்பு பக்கத்துலதான் நிப்போம். இந்த வருஷம் இவருக்கு ஒரு புது யோசனை. பம்பு இப்ப வெறும் கூலிக்காரன், எஜமான் அந்தக் கறுப்புப் பெட்டி. எஜமானை விட்டுட்டுக் கூலிக்காரனுக்குப் பூசை போட்டா நல்லாவா இருக்கும்னு கேட்டாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. இப்ப நெனச்சா என் புத்தியை எதால அடிக்கிறதுன்னு தெரியல.

அவரு கார்டைக் காட்டிக் கதவைத் திறந்தாரு. நான் பட்டுப் புடவையும் சுண்டல் பாத்திரமுமா பின்னாலயே நுழைஞ்சேன். எனக்குப் பாஸ் கிடையாது. அதைப் பத்தி ரெண்டு பேருமே யோசிக்கல. பூசைக்குப் பொண்டாட்டி வர்றதுக்கு எவன் பாஸ் கேப்பான்? பெட்டிக்கு நெத்தி மாதிரி இருந்த இடத்துல சந்தனம் தடவி, குங்குமம் வெச்சாரு. சுத்தி முத்திப் பாத்துட்டு, "கண்ணை விட்டுட்டேனே"ன்னு நாற்காலி மேல ஏறி, கேமராவோட கண்ணாடி மேலயே நல்லாப் பட்டையாச் சந்தனத்தை அப்பிட்டாரு.

சூடம் கொளுத்தக் கூட நேரம் இல்ல. கதவு 'டக்'குன்னு பூட்டிக்கிச்சு. வெளிய ஓடிக்கிட்டு இருந்த பம்பெல்லாம் ஒண்ணு ஒண்ணா மூச்சை விட்டுட்டு நின்னுச்சு.

நடந்தது இதுதான்னு அப்புறம் சொன்னாங்க. யாருன்னே தெரியாத ஒரு பொம்பளை உள்ள வந்திருக்கா, அடுத்த நிமிஷம் கேமரா குருடாயிடுச்சு. தண்ணியில எவனோ விஷம் கலக்க வந்துட்டான்னு பெட்டி முடிவு பண்ணி, பம்பையும் மேட்டுத் தொட்டியிலேருந்து இறங்கற தண்ணியையும் நிறுத்திட்டு, ஆள் தப்பிக்காம இருக்கக் கதவையும் அடைச்சிடுச்சு. அதாவது திருடி நான். கையில ஆயுதம், சுண்டல் கரண்டி.

இவரு பதறிப் போயித் துண்டால கேமராவைத் துடைச்சாரு. பெட்டி மனசு மாறல. சுவத்துல ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டாரு. முதல்ல பாட்டு பாடுச்சு, அப்புறம் ஒரு ஆளு இங்கிலீஷ்ல என்னென்னவோ கேட்டான். கடைசியில, திறக்கிற அதிகாரம் இருக்கிறவரு இன்னும் டூட்டிக்கு வரல, அவங்க ஊர்ல இன்னும் விடியலன்னு சொல்லிப் போனை வெச்சிட்டான். எங்க ஊர்ல வெயில் மண்டையைப் பொளக்குது, அவங்க ஊர்ல விடியணுமாம்!

கொஞ்ச நேரத்துல தண்ணி ஆபீஸ் எஞ்சினியர் புவான் ரோஹானா கார்ல பறந்து வந்தாங்க. அவங்கதான் இவருக்கு மேலதிகாரி; புவான்னா மலாய்ல அம்மான்னு மரியாதை. அவங்க கார்டைக் காட்டினாங்க, கதவு அசையல. மறுபடி மறுபடி காட்டினாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. ஏர்கான் குளிர்ல எனக்குப் பல்லு கிட்டிப் போச்சு. இவரு துண்டை எடுத்து என் தோள்ல போத்திவிட்டாரு. சந்தன வாசனை வேற.

இதுக்கு நடுவுல இவரு போனு ஓயவே இல்ல. தாமான் முழுக்கக் குழாய் நின்னு போச்சு, ஊர்ல எல்லாருக்கும் தெரியும் தண்ணி யாரு கையிலன்னு. கோயில் தலைவர் சேகரன், தலையில ஷாம்பூவோட கூப்பிட்டு, கண்ணு எரியுது, தயவு பண்ணி ஒரு அஞ்சு நிமிஷமாவது விடச் சொல்லிக் கெஞ்சினாரு. இவரு போனை ஆஃப் பண்ணிட்டாரு. தண்ணிப் பேச்சு வந்து இவரு நழுவினதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

அவங்க ஊர்ல விடிஞ்சு, அதிகாரி வந்து, காப்பி எல்லாம் குடிச்சிருப்பாரு போல. பொழுது சாயற நேரத்துக்குத்தான் கதவு திறந்துச்சு.

அடுத்த வாரம் மலாக்கா டவுன்ல விசாரணை. திருடிங்கற முறையில என்னையும் வரச் சொன்னாங்க. கம்பெனி சார்பா கோலாலம்பூர்லேருந்து தினேஷ்வரன்னு ஒரு தமிழ்ப் பையன் வந்திருந்தான், எஞ்சினியர். மரியாதையான பையன். எங்களை வாசல்லயே ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "அங்கிள், எல்லாம் உங்க தப்புன்னு ஒத்துக்கிட்டா வார்னிங்கோட முடிஞ்சிடும். சிஸ்டத்தைக் குறை சொன்னீங்கன்னா கம்பெனி விடாது, வேலை போயிடும்"னு சொன்னான்.

ஐம்பத்தஞ்சு வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில நான் சம்பாதிக்கிறதை மட்டும் வெச்சுக்கிட்டுக் குடும்பம் நடக்குமா? நான் அவரு சட்டையைப் பிடிச்சு இழுத்து, பேசாம ஒத்துக்கிட்டு வாங்கன்னு சொன்னேன். தலையாட்டினாரு.

உள்ள போயி உக்காந்ததும் புவான் ரோஹானா, என்ன நடந்துச்சு எஞ்சிக்னு, ஐயான்னு சொல்ற மரியாதையோட கேட்டாங்க. இவரு எழுந்து நின்னாரு. ஆளை உள்ள கூட்டிட்டு வந்தது என் தப்பு, கேமராவுல சந்தனம் வெச்சதும் என் தப்பு, அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் சரின்னு மலாய்ல சொன்னாரு. அதோட உக்காருவாருன்னு பாத்தேன். உக்காரல.

"ஆனா தண்ணியை நிறுத்தினது நான் இல்ல, புவான். நிறுத்தவும் என்னால முடியாது, விடவும் முடியாது. நான் அங்க சும்மா உக்காந்திருக்கேன்."

என் பக்கம் திரும்பவே இல்ல. காது ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. ஊரெல்லாம் ராஜா மாதிரி அளந்த மனுஷன், கட்டின பொண்டாட்டி முன்னால, தான் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டு நிக்கிறாரு. வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

புவான் ரோஹானா அவரு சொன்னதை எழுதிக்கிட்டாங்க. அப்புறம் தினேஷ்வரனைப் பாத்து, என் கார்டுக்கும் அந்தக் கதவு திறக்கல, இப்ப மறுபடி பூட்டிக்கிட்டா நீ திறப்பியான்னு கேட்டாங்க.

"இல்ல புவான். நானும் போன் போட்டுத்தான் கேக்கணும்."

"யாரை?"

"டூட்டியில இருக்கிறவரை."

"அவர் பேரு?"

அந்தப் பையன் ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பாத்தான். பாவம், அவனுக்கும் தெரியல.

இவருக்கு வார்னிங் மட்டும்தான் குடுத்தாங்க, வேலை தப்பிச்சுது. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும், பம்புக்குக் கையால போடற ஸ்விட்சும் வைக்கணும்னு புவான் மேலிடத்துக்கு எழுதியிருக்காங்க. இன்னும் வரல. வரும்னு சொல்றாங்க.

விசாரணை முடிஞ்சு கார்ல திரும்பி வந்தோம். அவரை அவ்வளவு நாளும் நான் கிண்டல்தான் பண்ணியிருக்கேன், அன்னைக்கு அவரு பக்கத்துல உக்காந்து வந்தது எனக்குப் பெருமையா இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் புடவையைக் கூட மாத்தாம, இருக்கிற வாளி, குடம், அண்டா எல்லாத்தையும் இழுத்துப் போட்டுத் தண்ணி பிடிக்க ஆரம்பிச்சேன். அவரு வாசல்ல நின்னு பாத்தாரு. என் தண்ணி மேல நம்பிக்கை இல்லியான்னு திட்டப் போறாருன்னு நெனச்சேன். உள்ள போயி, பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பெரிய பானையைத் தூக்கிட்டு வந்து, அவரே குழாய்க்கு அடியில வெச்சாரு.