மாங்காய் ஜாடியில் கிடந்த பைப்

ஷீபாவின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று லாரிக்காரர்களே சலித்துக்கொள்வார்கள். ஒரகடத்துப் பட்டறைக்குள் பைப், தகடு எது வந்தாலும் அவள் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷமாகச் சம்பாதித்த பெயர் அது.

எவர்சில்வர் என்றால் எல்லாம் ஒன்றா? சூடான உப்புநீரை 316 என்கிற ரகம் தாங்கும். மலிவான 304-இல் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்புதான். ஒரு சொட்டு மருந்து விட்டால் 316-இல் நிறம் மாறும், மற்றதில் மாறாது. பிப்ரவரியில் ஒருநாள் அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது. வாசலில் லாரி நிற்கிறது. மேலாளர் காசிராஜன் வேறு பிடுங்கி எடுக்கிறார். ஷீபா காந்தத்தை வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை, கையெழுத்துப் போட்டாள். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது என்று அவளுக்கா தெரியாது? எங்கே போகிற பைப் என்றுகூட அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

மே மாதம், காலை பதினோரு மணி. கேன்டீனில் சமைக்கும் அன்னபுஷ்பம், பட்டறையில் வெட்டி மிஞ்சிய ஒரு பைப் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உப்பில் ஊறும் மாங்காய்மேல் பாரத்துக்கு வைத்திருந்தாளாம்.

"எவர்சில்வர்னு தானே குடுத்தாங்க? இத்த பாரு, துரு புடிச்சிகீது! ஒரு ஜாடி மாங்கா பாழ்!"

துண்டில், அந்தப் பிப்ரவரி லாரிச் சரக்குக்கு ஷீபா பொறித்த எண் இருந்தது. மருந்து விட்டாள். நிறம் மாறவில்லை. பைப் போன சீட்டைத் தேடி எடுத்தாள். மறைமலை நகர் தொழிற்சாலை, கழிவுநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் இடம். ஐயோ, அவள் புருஷன் ஜோ வேலை பார்ப்பதே அந்தப் பைப்புக்கு அடியில்தான்! போன் போட்டாள். ஷிஃப்டில் போன் லாக்கரில் கிடக்கும், யார் எடுப்பது?

"ஒன் கையெழுத்துமா அது," என்றார் விஷயத்தைக் கேட்ட காசிராஜன். "நீயே சொன்னா ஒனக்குத்தான் ஆப்பு. ரெண்டு நாள் பொறு, நைசா மாத்திடலாம்."

ஷீபா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷத்துப் பெயர்! பிறகுதான் தொழிற்சாலைக்கே போன் அடித்து, லைனை நிறுத்தச் சொன்னாள்.

சாயங்காலம் ஜோ வந்ததும் வராததுமாகக் கொட்டினான். "எந்தக் கம்பெனியோ, ஒரு பொம்பள போன் பண்ணாளாம். லைன நிறுத்தி, சூடு போகாம பைப் மேல சுத்தியிருந்தத பிரிச்சா, எட்டு எடத்துல கசிவு. ஒண்ணு என் தலைக்கு நேரா! கொதிக்கிற தண்ணி. அவ நல்லாருக்கணும். ஆனா இத்த பாஸ் போட்டான் பாரு ஒருத்தன், அவன் மட்டும் கையில கெடைச்சான்..."

"ரெண்டும் நான்தாங்க," என்றாள் ஷீபா.

ஜோ டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"பதினோரு மணிக்கு."

"போன் வந்தது பதினொன்னரைக்கு. அந்த அரை மணி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"