கரடிக்கு நான் கட்டிவிட்ட புடவை

1. எட்டரை மணி

"அங்கிள், இது ராங்."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள் நிலா. ஐந்து வயது. அன்று அவளுக்குக் காதுகுத்து. டெக்சஸில் சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு கம்யூனிட்டி ஹாலை எடுத்திருந்தார்கள். பத்தரைக்கு நல்ல நேரம். நான் ஆடும் கரடியும் நிற்கும் ஏழடி கட்-அவுட்டை மேடையில் நிறுத்தி, பின்னால் முட்டுக் கொடுத்து முடித்திருந்தேன்.

"எது பாப்பா ராங்?"

"கரடி எதுக்கு சாரி கட்டியிருக்கு? ஹீ இஸ் எ பாய்."

நான் கரடியைத் திரும்பிப் பார்த்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சாத்தூரில் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே இருந்த அக்கா குடியேற்ற மனு போட்டு, பல வருடம் கழித்து டெக்சஸ் வந்தேன். பிரபா மேடம் நடத்தும் பார்ட்டி டெக்கரேஷன் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கட்-அவுட் வரைகிறேன். கஸ்டமரிடம் பேசுவது மேடம், வரைவது நான். புது ஆட்களிடம் எனக்கு வாய் வராது. ஒரு சந்தேகம் கேட்பதற்கு நாலு நாள் யோசிப்பேன். அதற்குள் வேலை முடிந்துவிடும்.

2. ஆர்டர்

தபால்கார ஆடு வரும் கார்ட்டூனை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இன்றைய பிள்ளைகளின் அப்பா அம்மாவே அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். மலை மேல் ஒரு ஊர். ஆடு வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும். கரடி பேக்கரி வைத்திருக்கும். பிறந்தநாள் பார்ட்டிகளுக்கு இந்த இரண்டையும் நான் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆட்டுக்குத் தொப்பி, கரடிக்கு ஏப்ரன்.

புது சீசனில் ஆட்டுக்கும் கரடிக்கும் கல்யாணம் என்று ஒரு எபிசோடு வந்தது. இரண்டும் ஆண். வாட்ஸ்அப் குரூப்பில் பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அந்த சேனலையே நிறுத்திவிட்டதாகச் சிலர் எழுதினார்கள்.

"செல்வம், இந்தக் கார்ட்டூனை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க பாருங்க" என்றார் பிரபா மேடம்.

அடுத்த மாதமே நிலாவின் அம்மா வித்யா கேட்டார். அதுவும் அந்தக் கல்யாணக் காட்சியையே கேட்டார். மேடம் எனக்கு ரெஃபரன்ஸ் படத்தை அனுப்பினார். ஆடு யூனிஃபார்மில் இருந்தது. கரடி வெளிர் நீலக் கோட்டில் இருந்தது. இரண்டும் கைகோத்து நின்றன.

படத்தை கராஜில் மாட்டி வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். காதுகுத்துக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வருவார்களே, இதைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கரடிக்கு அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை கட்டினேன். சரிகை பார்டர், தலையில் மல்லிகை, நெற்றியில் பொட்டு. பார்டருக்கு மட்டும் ஒரு முழு நாள் ஆனது. என் கையில் வந்த நல்ல வேலைகளில் அது ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

3. இரண்டு முதலாளிகள்

நிலா ராங் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தாத்தா வந்தார். வித்யாவின் அப்பா. ஈரோட்டுப் பக்கம். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கட்-அவுட்டை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"பரவால்லீங் தம்பி. என்னமோ எழவு பொம்மையக் கொண்டாந்து வெக்கப் போறான்னு நெனச்சேன். லட்சணமா இருக்குது."

அந்த நேரத்தில் வித்யா உள்ளே வந்தார். கையில் பூக்கூடை. கட்-அவுட்டைப் பார்த்தவர் கூடையைக் கீழே வைத்தார்.

"செல்வம் அண்ணா, இது என்ன?"

"கல்யாணம்னு சொன்னீங்களேம்மா."

"நான் அனுப்பின படத்துல சாரியா இருந்துச்சு?"

"தெரியாம வரைஞ்சிட்டேம்மா."

வித்யா என்னைத் தனியாக அழைத்துப் போனார். அவர் தம்பி கார்த்தி கலிஃபோர்னியாவில் இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் மார்க் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பா போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது. தாய்மாமன் மடி இல்லாமல் மகளுக்குக் காது குத்த மாட்டேன் என்று வித்யா நாலு வருடமாக நிற்கிறார். இப்போதுதான் அப்பா அரை மனதாகச் சரி என்றிருக்கிறார். கார்த்தியும் அரை மனதாக வருகிறார்.

"சின்ன வயசுல அவனும் நானும் சேர்ந்து பாத்த கார்ட்டூன் அண்ணா. அதுலயே இப்படி வந்திருக்கேன்னு அவன்தான் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். உன்னை நாங்க ஒதுக்கலைடான்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இதைக் கேட்டேன். அவன் கல்யாணத்தப்போ சொந்தக்காரங்க கேட்ட ஒரே கேள்வி என்ன தெரியுமா? உங்க ரெண்டு பேர்ல யாருப்பா பொண்ணுன்னு. இப்ப வந்து இதைப் பாத்தான்னா?"

உடனே மாற்ற முடியுமா என்று கேட்டார். நான் வெளியே வந்தேன். மேடத்துக்கு ஃபோன் செய்தேன்.

"தெரியாம நடந்துபோச்சு மேடம்" என்றேன்.

"சரி, இப்ப மாத்த முடியுமா? ஆர்டர் குடுத்தது வித்யா. அவங்க சொல்றதைச் செய்யுங்க. வேற யார் பேச்சையும் கேக்காதீங்க."

வேனிலிருந்து பெயிண்ட் எடுத்து வரப் போனேன். தாத்தா பின்னாலேயே வந்தார்.

"அதைய எதுக்குத் தம்பி அழிக்கறீங்க? அப்படியே உட்டுருங்க. நாலு பேரு வர்ற எடம்."

பெரியவரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

4. சிவப்பின் மேல் நீலம்

தொழில் விஷயம் ஒன்று. சிவப்பின் மேல் நேராக வெளிர் நிறம் அடித்தால் சிவப்பு மேலே ஏறும். நீலம் ஊதாவாகிவிடும். முதலில் இரண்டு கோட் வெள்ளை அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் நீலம். என்னிடம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. வித்யா வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவரச் சொன்னார். புடவையின் கீழ்ப் பாதியிலிருந்து ஆரம்பித்தேன்.

கோட்டின் பட்டன் எத்தனை என்று மறந்துவிட்டது. நிலா டேப்லெட்டில் அந்த எபிசோடைப் போட்டுக் காட்டினாள். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. குரூப்பில் அவ்வளவு சண்டை நடந்ததே, என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். ஆடு மோதிரம் போடுகிறது, கரடி கேக் வெட்டுகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கவலைதான். ஆடு லீவில் போய்விட்டால் நாளைக்குக் கடிதம் யார் கொடுப்பார்கள்?

"யாரு குடுப்பாங்க பாப்பா?"

"டக். பட் ஹீ இஸ் ஸோ ஸ்லோ, அங்கிள்."

கொடுப்பது வாத்தாம். கோட்டில் பட்டன் மூன்று.

5. ஒன்பதரை மணி

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கார்த்தியும் மார்க்கும் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்கள். கரடிக்கு இடுப்புக்குக் கீழே வெள்ளை. மேலே முந்தானை, மல்லிகை, பொட்டு எல்லாம் அப்படியே இருந்தன. கார்த்தி ஒல்லியான ஆள். பக்கத்தில் மார்க் உயரமாக, வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றார்.

கார்த்தி கட்-அவுட்டைப் பார்த்தார். பிறகு ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அப்பா சொல்லி வரைஞ்சதா?"

"இல்லடா. அண்ணா தெரியாம வரைஞ்சிட்டாரு. மாத்திட்டிருக்காரு பாரு" என்றார் வித்யா.

"தெரியாமயா? படத்தை நான்தானே உனக்கு அனுப்பினேன்." சிரித்தார். அது சிரிப்பில்லை. "விடுக்கா. அப்பாவுக்கு எப்படி வேணுமோ அப்படி வெச்சுக்கட்டும். நாங்க கெளம்பறோம். பாப்பாவுக்கு வீடியோ கால்ல விஷ் பண்றேன்."

அப்பா எழுந்திருக்கவில்லை. கார்த்தி திரும்பி நடக்க ஆரம்பித்தார். வித்யா நின்ற இடத்திலேயே நின்றார். என் கையில் பிரஷ். வெள்ளைப் பெயிண்ட் மணிக்கட்டு வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். அவர் நின்றார்.

"அக்கா சொல்லலைங்க. அப்பாவும் சொல்லலை. அவர் இதைப் பாத்ததே இன்னிக்குக் காலையிலதான். நான்தான். தெரியாமன்னு சொன்னது பொய்ங்க. அது ஆம்பளைக் கரடின்னு எனக்குத் தெரியும். பெரியவங்க ஏதாவது சொல்லுவாங்களோன்னு யாரையும் கேக்காம நானே கட்டிவிட்டேன்."

ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கார்த்தி என் பக்கத்தில் வந்தார்.

"இத்தனை வருஷமா எல்லாரும் கேள்வியாவது கேட்டாங்க சார். நீங்க கேக்காமலே பதில் வரைஞ்சிட்டீங்க."

மார்க் அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கார்த்தி நீளமாகச் சொன்னார். மார்க் கரடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு வரி சொன்னார். கார்த்தி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"பார்டர் ரொம்ப அழகா இருக்காம். அழிக்கப் பாவமா இருக்காம். ஆனா அழிச்சிடச் சொல்றான்."

நிலா ஓடி வந்து ஹேர் டிரையரை மார்க் கையில் திணித்தாள். "யூ ஹோல்ட் திஸ்." வீடியோ காலில் பார்த்த பழக்கம் போல. அவர் வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு பிடித்தார். நான் அடிக்க, அவர் ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் காயவைக்க, பத்தே காலுக்கு மல்லிகையையும் பொட்டையும் மறைத்து மூன்றாவது பட்டனையும் போட்டு முடித்தேன். அப்பா அதுவரை எங்கள் இருவரையும் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

6. தட்டு

அவர்கள் பக்கத்தில் மாமன் முன்னால் வர, மாமன் மனைவி சீர்த்தட்டைத் தூக்கி வருவது வழக்கமாம். பாவாடை, தோடு, தேங்காய், பழம் எல்லாம் வைத்துத் தட்டு ரெடியாக இருந்தது. காது குத்த வந்த நர்ஸ் அம்மா மணியைப் பார்த்தார். தட்டை யார் எடுப்பது? வித்யா அப்பாவைப் பார்த்தார். சொந்தக்காரர்கள் எல்லோருமே அவரைத்தான் பார்த்தார்கள்.

அவர் எழுந்து வந்தார். மார்க்கின் கைகளைப் பார்த்தார்.

"அந்தத் தம்பி கையெல்லாம் நீலமா இருக்குது. கழுவீட்டு வந்து தட்டத் தூக்கச் சொல்லு. நேரமாவுது."

அவ்வளவுதான் சொன்னார். மகனிடம் நேராகப் பேசவில்லை. கார்த்தி மடியில் உட்கார்ந்து நிலா ஹால் அதிர அழுதாள். காது குத்தி முடிந்தது. அவர்கள் வீட்டில் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

ரெஃபரன்ஸில் இருப்பதை வரையுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ஆர்டர் கொடுத்தவரிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள், அல்லது வேலையை வேண்டாம் என்று சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பிரஷ்ஷால் பதில் சொல்லாதீர்கள். நம் கை தானாகச் செய்த திருத்தம், அந்தப் பக்கம் நிற்பவருக்கு யாரோ கைநீட்டிக் கேலி செய்வதுபோல் இருக்கும்.

இப்போது ஸ்கெட்ச் போட்டதும் மேடத்துக்கு அனுப்பி, சரி என்று வந்த பிறகுதான் பெயிண்டைத் திறக்கிறேன். ஆனால் அன்று அவரிடம் ஃபோனில் சொன்னதை இன்னும் திருத்தவில்லை. தெரியாமல் வரைந்தேன் என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை டைப் செய்யப் போவதும் அவர்தான். இந்தப் பக்கத்துக்கு வந்ததும் கூப்பிடுவார். ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.